மழையிருட்டில் சைக்கிள்: பெரிய லைட்டைவிடத் தெளிந்த பார்வை முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் பிறந்ததும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றுதான்: பளிச்சென்று உடுத்துங்கள், வாகனக்காரர் கண்ணில் படுங்கள். அதில் பிழையில்லை. ஆனால் மழையிருட்டில் ஒருவர் வீதியோர வடிகாலான கானுக்குள் இறங்குவதற்கும், தண்ணீர் நிறைந்த குழியில் முன்சில்லை விடுவதற்கும் பிறர் அவரைக் காணாதது காரணமல்ல. அவருக்கே வீதி தெரியவில்லை. இந்தப் பக்கத்தை யாரும் விரிவாக எழுதுவதில்லை. ஒருவர் சைக்கிள் திருத்தும் தொழிலிலும் மற்றவர் மூக்குக்கண்ணாடி பொருத்தும் தொழிலிலும் இருப்பதால், எங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து எழுதுகிறோம். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தைப் போல மலையகத்தில் வீட்டுக்கு வீடு சைக்கிள் இல்லை. ஆனால் இங்கே ஓட்டுபவர்கள் ஓட்டும் நேரம் மோசமானது. விடியுமுன் பத்திரிகை போடுபவர், பால் கொண்டுபோகிறவர், இரவுக் காவலுக்குப் போகிறவர், மாலை வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வெலிமடை, பண்டாரவளை, பதுளையின் முறை. ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமழை எல்லோருக்கும் பொது. நவம்பரில் மாலை 5.50 அளவில் சூரியன் மறைந்துவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அந்தி 20 நிமிடம் சொச்சம்தான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழகுவதற்கோ 20 முதல் 30 நிமிடம் வேண்டும். கண் தயாராகுமுன்பே இருட்டு வந்துவிடுகிறது, மலையிடுக்கில் இன்னும் முன்னதாகவே.

முதலில், நனைந்த தார் வீதி ஏன் அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். காய்ந்த வீதியின் சொரசொரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு திரும்பி நம் கண்ணுக்கு வரும். நனைந்ததும் மேலே படியும் தண்ணீர் அதைக் கண்ணாடிப் பரப்பாக்கிவிடுகிறது. நம் லைட்டின் வெளிச்சம் வழுக்கி முன்னால் ஓடிப்போகிறது, எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சமோ அதே வழியில் வழுக்கி நேரே நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளைக் கோடுகளில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு கண்ணாடி மணிகளும் தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யாமல் போகின்றன. ஆகவே, காய்ந்த இரவில் போதுமாக இருந்த அதே லைட் மழையில் போதவில்லை என்று தோன்றினால், பற்றரியில் பிழை இருக்க வேண்டியதில்லை. குழிகளை அறிய ஒரு வழி உண்டு. சொரசொரப்பே தெரியாமல் ஒரு பகுதி மட்டும் மினுமினுத்தால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஆழம் தெரியாது, விலகிப் போக வேண்டும்.

இனி மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் மேல் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வில்லையாகி, எதிர்வரும் வெளிச்சத்தைத் தன் பங்குக்கு உடைத்துப் பரப்பும். உட்புறத்தில் படியும் ஆவி வேறு தொல்லை. நம் முகத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் எழும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. இறக்கத்தில் காற்றடித்து இது தானாகவே கலையும். ஏற்றத்தில்தான் பிரச்சினை: வேகம் குறைவு, மூச்சு அதிகம், உடம்புச் சூடும் அதிகம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது மறைப்பது பெரும்பாலும் இந்த ஆவிதான்.

ஆவிக்கு மலிவான மருந்து பாத்திரம் கழுவும் திரவம். கண்ணாடியை முதலில் ஓடும் தண்ணீரில் பிடித்துத் தூசியைப் போக்குங்கள். தூசியோடு துடைத்தால் கீறல் விழும், கீறல் இரவில் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு வால் முளைக்க வைக்கும். பிறகு பழைய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, உலர்ந்த கண்ணாடியின் இரு பக்கமும் ஒரு சிறு சொட்டுத் திரவத்தை விரல் நுனியால் மெல்லப் பரப்பி, காயவிட்டு, மங்கல் போய்த் தெளியும்வரை மட்டும் துணியால் இலேசாகத் தேய்க்க வேண்டும். கழுவிவிடக் கூடாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலம்தான் நீரைத் துளியாகத் திரளவிடாமல் ஒரே தாளாகப் பரவச் செய்கிறது. தாளாகப் பரவிய நீரின் ஊடே பார்க்கலாம், துளிகளின் ஊடே பார்க்க முடியாது. கனமழையில் வெளிப்பக்கப் படலம் சீக்கிரம் கழுவுண்டு போகும், உட்பக்கம் நின்றுபிடிக்கும். அதிகமாகப் பூசினால் மழையோடு வழிந்து கண்ணில் எரியும். பற்பசை வேண்டாம், அதில் உராய்வுத் தூள் இருக்கிறது. பெற்றோலும் தின்னரும் கிட்டேயே போகக் கூடாது. பிளாஸ்டிக் கண்ணாடியின் பூச்சை அவை கெடுத்துவிடும். காரின் முன்கண்ணாடிக்குப் பூசும், நீரை உருட்டிவிடும் திரவங்களை வாங்கிப் பூசுகிறவர்களும் உண்டு. உருண்ட துளியைத் தள்ளிவிட வேகமான காற்று தேவை. 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிளில் துளி உருண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். பணம் வீண்.

ஆவி வரும் வழியையும் அடைக்க வேண்டும். நம் ஆட்கள் குளிருக்கு மப்ளரை மூக்குவரை இழுத்துக் கட்டுவார்கள். வெளியேறும் மூச்சு முழுவதும் மேலே திரும்பிக் கண்ணாடிக்குள் போகும். மூக்கையும் வாயையும் திறந்துவிட்டு, கழுத்தையும் காதையும் மட்டும் சுற்றுங்கள். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டினாலும் இதே கதை: நெஞ்சுச் சூடு புகைபோக்கிக்குள் ஏறுவதுபோல் கழுத்து வழியாக மேலே ஏறும். ஏற்றத்தில் இரண்டு அங்குலம் திறந்துவிட்டால் போதும். கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டால் முகத்துக்கும் அதற்கும் இடையில் காற்றோட்டம் கிடைக்கும். இரண்டு துண்டுப் பருத்தித் துணியைப் பொலித்தீன் உறையில் மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். நனைந்த கைக்குட்டை எதையும் துடைக்காது, பரப்பத்தான் செய்யும். துடைக்க நிற்கும்போது வீதியை விட்டு விலகி நில்லுங்கள். துடைத்து மாளவில்லை என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஓட்டக் கூடாது. அந்த நிலை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி.

புதிதாகக் கண்ணாடி செய்பவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். பூச்சில்லாத சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 4 சதவீதம், மொத்தம் 8 சதவீதம் அளவுக்குத் திருப்பியனுப்பிவிடும். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு அந்த இழப்பைப் பெருமளவு குறைக்கும், எதிர் வெளிச்சத்தில் தோன்றும் பேய் உருவங்களையும் குறைக்கும். இரவில் ஓட்டுபவர் கண்ணாடிச் சட்டகத்தின் அழகைக் குறைத்துக்கொண்டாவது இந்தப் பூச்சுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். மற்றது, வெயிலில் கறுக்கும் கண்ணாடி. அது குளிரில் அதிகம் கறுக்கும், மெதுவாகத்தான் தெளியும். கொழும்பில் ஓட்டுபவருக்கு அது உறைக்காது. நுவரெலியாவின் குளிர்ந்த மாலையில், மறையும் வெயிலிலிருந்து நேரே மரநிழலுக்குள் நுழையும்போது உறைக்கும். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டவே வேண்டாம். எல்லாம் பளிச்சென்று தெரிவதுபோல மனதுக்குப் படும், உண்மையில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடுகிறது. பார்வைக் குறையில்லாதவர்கள் மழைத்துளி கண்ணில் அடிக்காமலிருக்க, ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியைப் போடலாம். மேற்சொன்ன திரவச் சிகிச்சை அதற்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது ஒரு கெப். முன்மடல் இரண்டரை அல்லது மூன்று அங்குலம் இருக்க வேண்டும், துணி மெல்லியதாக இருந்தால் ஹெல்மட்டின் உள்ளே அடங்கும். தலையைச் சற்றுக் குனிந்தால் மழை மடலில் விழும், கண்ணாடியில் விழாது. எதிரே ஹெட்லைட் வரும்போது இன்னும் கொஞ்சம் குனிந்து வெளிச்சத்தையே மடலால் மறைத்துக்கொள்ளலாம். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பார்வை மறையும், ஒரு பிரேக் கைவிட்டுப் போகும், வளைவில் காற்று குடையோடு சேர்த்து ஆளையும் இழுக்கும்.

லைட் விடயத்தில் பிழையான நம்பிக்கைகள் அதிகம். மூடுபனியிலும் மழையிலும் நம்மைக் குருடாக்குவது நம் லைட்டேதான். கண்ணுக்கும் துளிகளுக்கும் இடையில் வெளிச்சம் நுழைந்து, துளிகளில் பட்டு நேரே திரும்பி வருகிறது. லைட் கண்ணுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மோசம். ஆகவே நெற்றியில் கட்டும் டோர்ச் பனிக்குள் வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான் காட்டும். சில்லுப் பழுது பார்க்க அது நல்லது, ஓட்டுவதற்கு ஆகாது. ஹேண்டிலில் மாட்டுவது பரவாயில்லை. முன்சில்லைத் தாங்கும் கவையான போர்க்கின் மேல்முனையில், நிலத்திலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலான உயரத்தில் மாட்டுவது அதைவிட நல்லது. கண்ணிலிருந்து விலகி இருப்பதால் திரும்பி வரும் ஒளி குறையும். தாழ்ந்த லைட்டில் குழியின் விளிம்பும் கல்லும் நீண்ட நிழல் போட்டுத் தங்களைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் கீழே, அச்சுக்குப் பக்கத்தில் இறக்கினால் சிறு கல்லும் மலைபோல் தெரியும், சேறு அடித்து லைட்டின் கண்ணாடியும் மூடிப்போகும். முன் மட்காட்டின் நுனியில் பழைய பிளாஸ்டிக் கலனிலிருந்து வெட்டிய மடல் ஒன்றை, நிலத்துக்கு நான்கு அங்குலம் இருக்கும்படி தொங்கவிட்டால் சேறு லைட்டுக்கும் முகத்துக்கும் ஏறாது.

மஞ்சள் தாளை லைட்டில் ஒட்டினால் பனியை ஊடுருவும் என்பதும் பிழை. மூடுபனியின் துளிகள் ஒளியலைகளைவிடப் பலமடங்கு பெரியவை. நீலத்தையும் மஞ்சளையும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். தாள் ஒளியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். முன் லைட்டை மின்னவிடவும் வேண்டாம். மின்னும் ஒளியில் மழைத்துளிகள் விட்டுவிட்டுத் தோன்றி, வீதியின் ஓட்டம் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும். மின்ன விரும்பினால் பின்னால் ஒன்று மின்னட்டும், கூடவே விடாமல் எரியும் சிவப்பு லைட் ஒன்றும் இருக்க வேண்டும். மின்னுவதை மட்டும் வைத்துப் பின்னால் வருபவர் தூரத்தைக் கணிப்பது கடினம்.

லைட்டைத் திருப்பும் கோணம்தான் அதிகம் தவறுவது. சைக்கிளைச் சம தரையில் நிறுத்தி, ஓட்டுபவரையே ஏற்றி உட்கார வைத்து, லைட் சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி இருக்கும்படி பிடியுங்கள். லைட் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், சுவரில் விழும் வெளிச்சத்தின் நடுப்பகுதி 30 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும், அதாவது லைட்டின் உயரத்தில் சரி பாதி. அப்போது வெளிச்சம் 10 மீற்றர் முன்னால் நிலத்தைத் தொடும். அதற்கு மேலே தூக்கினால் நமக்குப் பனிச்சுவர், எதிரே வருபவருக்குக் கண்கூச்சம். அடர்ந்த பனியில் இன்னும் சற்றுத் தாழ்த்தலாம். மேல்விளிம்பு நேர்கோடாக வெட்டுப்படும் ஒளி கொண்ட லைட் கிடைத்தால் அதை வாங்குங்கள். வட்டமாகப் பரவும் டோர்ச்சின் வெளிச்சத்தில் பாதி வானத்துக்கும் மழைக்கும் போகிறது.

சில்லின் சுழற்சியில் மின்சாரம் எடுக்கும் டைனமோ இன்னும் நம்பத்தகுந்ததுதான், ஆனால் அதன் குணம் தெரிய வேண்டும். வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வோட். இதில் 2.4 வோட் முன் பல்புக்கு, 0.6 வோட் பின் பல்புக்கு. பின் பல்ப் எரிந்துபோனால் அந்தப் பங்கும் முன் பல்புக்கே ஏறி, வேகமான இறக்கத்தில் அதையும் எரித்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள். மழையில் லைட் விட்டுவிட்டு எரிந்தால் பல்பைக் குறை சொல்லுமுன் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, உருளை டயரில் வழுக்குகிறதா என்று. டைனமோவின் நடு அச்சை நேர்கோடாக நீட்டினால் அது சில்லின் மையத்தைத் தொட வேண்டும், சரிந்திருந்தால் வழுக்கும். உருளைக்கு இறப்பர் மூடி போட்டால் ஈரத்திலும் பிடிக்கும். மற்றது, மின்சாரம் திரும்பிப் போகும் வழி. ஒரே கம்பி ஓடும் அமைப்பில் சட்டகமே இரண்டாவது கம்பி. தாங்கியின் திருகாணிக்குக் கீழே துருவோ பெயின்ட்டோ இருந்தால் தொடர்பு அறும். சுரண்டி இறுக்குங்கள், அல்லது இரண்டாவது கம்பி ஒன்றை இழுத்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு அதுதான்.

ஆனால் டைனமோவுக்கு மலையகத்தில் ஒரு குறை: ஏற்றத்தில் 6 கிலோமீற்றர் வேகத்தில் அது மங்கிவிடும், இறங்கித் தள்ளும்போது அணைந்தே போகும். அதனால் சிறிய எல்.ஈ.டி. லைட் ஒன்று துணைக்கு வேண்டும். சார்ஜ் செய்யும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். பழைய டியூப்பில் இரண்டு அங்குலம் வெட்டிப் பொருத்துக்கு மேலே மாட்டினால் தண்ணீர் உள்ளே போகாது. உள்ளே ஆவி படிந்திருந்தால் திறந்து காயவைத்து, இறப்பர் வளையத்தில் சிறிது வஸ்லின் தடவி மூடுங்கள்.

எதிர் வெளிச்சம் வரும்போது அதைப் பார்க்காமல் வீதியின் இடது விளிம்பைப் பாருங்கள். விளிம்பு என்றதும் ஒன்று நினைவில் இருக்கட்டும். ஒரு திசையில் போகும்போது நம் இடதுபுறம் மலைச்சரிவும் கானும், திரும்பி வரும்போது அதே இடதுபுறம் பள்ளம். கானின் பக்கம் மழையில் மண்ணும் கல்லும் இறங்கிக் கிடக்கும், பள்ளத்தின் பக்கம் தார் உடைந்திருக்கும். அதனால் விளிம்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, சில்லை அதிலிருந்து மூன்றடியாவது தள்ளி ஓட்ட வேண்டும். பனியில் வளைவுக்கு அப்பால் வரும் வாகனத்தின் வெளிச்சம் வாகனத்துக்கு முன்பே வெண்மையாகப் பரவித் தெரியும். அது தெரிந்த உடனே வேகத்தைக் குறையுங்கள். வெளிச்சம் கடந்த பிறகும் கண் தெளியச் சில வினாடிகள் போகும், அதற்குள் நீங்கள் போகும் தூரம் முழுவதும் பாராமல் போகும் தூரம்.

எவ்வளவு வேகம் பாதுகாப்பு? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கண்டு, பிரேக் பிடிக்க ஒன்றரை வினாடி. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை நன்றாகப் பிடிக்காது, ஆகவே சம தரையில் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1.5 மீற்றர் வீதம்தான் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் சரிவில் அதில் பாதிக்கு மேலே சரிவே தின்றுவிடும். அப்படியானால் 30 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் நிற்க 60 மீற்றருக்கு மேல் ஆகும். 20இல் வருபவருக்கு 30 மீற்றர். 10இல் வருபவருக்கு 10 மீற்றருக்குள் முடியும். லைட் தெளிவாகக் காட்டுவது 10, 15 மீற்றர் என்றால் விடை தானே வருகிறது. ரம்பொடை வளைவுகளில் பனியோடு இறங்கும்போது 10 கிலோமீற்றர் வேகம்தான். இறக்கம் தொடங்குமுன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டபடி சில சுற்று விட்டால் ரிம்மிலுள்ள தண்ணீர் வழிக்கப்பட்டு, தேவைப்படும் நேரத்தில் கொஞ்சமாவது பிடிக்கும். அலுமினிய ரிம் ஈரத்தில் இரும்பைவிட எவ்வளவோ மேல். ரிம் மாற்றும் நாள் வந்தால் இதை யோசியுங்கள்.

பிறர் கண்ணில் படுவது பற்றியும் ஒரு வார்த்தை. பளபளக்கும் பச்சை, செம்மஞ்சள் துணிகள் பகலுக்குத்தான், இருட்டில் அவற்றால் பயனில்லை. ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டிதான் இரவில் வேலை செய்யும். அதைக் கணுக்காலிலும் பெடலிலும் கட்டினால் மேலும் கீழும் அசைவதைக் கண்டு சைக்கிள் என்று சாரதி உடனே அறிவார். மழைக்கோட்டின் பின்தொங்கல் பின் லைட்டை மூடியிருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இவ்வளவும் செய்தும் அந்தி நேரத்தில் மட்டும் பார்வை தடுமாறினால், விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தால், பழுது லைட்டில் இல்லை. அது மாலைக்கண்ணாக இருக்கலாம், கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம், நீரிழிவால் வந்ததாக இருக்கலாம், கண்ணாடியின் இலக்கம் மாறியதாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். பிள்ளைகள் பொழுதுபட்டபின் தடுக்கி விழுந்தால் குறும்பு என்று திட்டாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

பஸ், லொறி, முச்சக்கர வண்டிச் சாரதிகளிடம் ஒரு வேண்டுகோள். எதிரே சைக்கிள் வந்தாலும் ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள். சிறிய லைட் என்பதால் அதன் பின்னால் இருப்பவரின் கண் சிறியதாகிவிடாது. வீதிகளுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்பது: வளைவுகளில் தேய்ந்துபோன ஓரக்கோடுகளை மழைக்காலத்துக்கு முன்பே புதுப்பியுங்கள், பள்ளத்தின் பக்கம் ஒளி திருப்பும் தூண்களை நடுங்கள், மூடியில்லாத கான்களின் விளிம்பிலாவது வெள்ளை பூசுங்கள். சக திருத்துநர்களுக்கு: கடைச் சுவரில் 30, 35, 40 சென்ரிமீற்றர் உயரங்களில் (60, 70, 80 சென்ரிமீற்றர் உயர லைட்டுகளுக்குச் சரி பாதி) சோக்கட்டியால் கோடு போட்டு, தரையில் 5 மீற்றர் தள்ளி இன்னொரு கோடு போட்டு வையுங்கள். காற்றடிக்க வரும் சைக்கிளைக்கூட அதில் நிறுத்தி லைட்டைத் திருப்பிவிட ஒரு நிமிடம்தான் ஆகும். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர் ஒருவரும் மூக்குக்கண்ணாடி பொருத்துநர் ஒருவரும்,
தலவாக்கலை.